பஸ் ஓடினால் மட்டும் போதுமா? செங்கல்பட்டு - மாமல்லபுரம் தடத்தில் பராமரிப்புக்கு 'டார்கெட்' வைப்பது எப்படி?

2024 பிப்ரவரி 6. வள்ளலார் நகரிலிருந்து திருவேற்காடு சென்றுகொண்டிருந்த மாநகரப் பேருந்து அமைந்தகரை அருகே வந்தபோது, தரைப்பலகை உடைந்து ஒரு பெண் பயணி ஓட்டைக்குள் விழுந்தார். சக பயணிகள் கத்திக் கூச்சல் போட்டு பஸ்ஸை நிறுத்தியதால் உயிர் தப்பினார். இரண்டரை மாதம் கழித்து, ஏப்ரல் 24-ம் தேதி திருச்சியில் இன்னொரு அரசு பஸ். ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே.நகர் போகும் வழியில் ஒரு வளைவில் திரும்ப, நடத்துநர் உட்கார்ந்திருந்த இருக்கை கழன்று, அவரும் இருக்கையுமாகச் சாலையில் வந்து விழுந்தார்கள். அதன் பிறகுதான், எல்லா அரசு பஸ்களையும் 48 மணி நேரத்துக்குள் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

தமிழ்நாட்டில் 8 அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் சேர்ந்து ஓட்டும் பஸ்கள் சுமார் 20 ஆயிரம். இரண்டு நாளில் அத்தனை பஸ்ஸையும் பார்ப்பது என்றால் என்ன பார்க்க முடியும் என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி வேறு. அந்த இரண்டு பஸ்களும் அன்று காலை பணிமனையை விட்டுக் கிளம்பியபோது, கணக்குப் புத்தகத்தின்படி 'நல்ல' பஸ்கள். இன்ஜின் ஓடியது. ஷெட்யூல் நடந்தது. தரை உளுத்திருப்பதும் நட்டு கழன்றிருப்பதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஏன்னா, நாம அதை எண்ணுவதே இல்லை.

எதை எண்ணுகிறோம், எதை எண்ண வேண்டும்? 'பெர்ஃபாமன்ஸ் டார்கெட்' என்று அதிகாரிகள் சொல்வது இதைத்தான். பேர் கேட்டால் ஆபீஸ் பவர்பாயின்ட் மாதிரி இருக்கும். ஆனால் தினமும் கூடுவாஞ்சேரியிலோ திருப்போரூரிலோ பஸ்ஸுக்கு நிற்பவருக்கு இது நேரடி விஷயம்.

இந்தப் பகுதியை ஏன் தனியாகப் பார்க்கணும்?

2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டில், பொதுப் போக்குவரத்து ஒரே கையில் இல்லை. தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகும் 515-ஐ ஓட்டுவது மாநகர் போக்குவரத்துக் கழகம். புறநகர் தாண்டிய தடங்களில் பெரும்பாலும் விழுப்புரம் கோட்டத்தின் பஸ்கள். ஈ.சி.ஆரில் புதுச்சேரி போகிறவை தனி. செங்கல்பட்டு வரை வரும் புறநகர் மின்ரயில் தெற்கு ரயில்வேயின் கையில்.

நிலையங்களை எடுத்தால் இன்னும் சிக்கல். 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையத்தைக் கட்டியது சி.எம்.டி.ஏ. பரப்பளவு 88 ஏக்கருக்கு மேல், செலவு சுமார் 394 கோடி ரூபாய். ஊர்களில் உள்ள பழைய பஸ் நிலையங்கள் பொதுவாக நகராட்சி, பேரூராட்சிகளின் சொத்து. சாலையோர நிழற்குடை ஒன்றை ஊராட்சி வைத்திருக்கும், இன்னொன்றை எம்.எல்.ஏ. நிதியில் கட்டியிருப்பார்கள். பணிமனை மட்டும்தான் போக்குவரத்துக் கழகத்துடையது. கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது என்று பயணிக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், பல நேரம் அங்கே நிற்கும் டைம் கீப்பருக்கும் தெரியாது.

மூன்றாவது விஷயம் கடல். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் என்பது கோவளத்தில் கேட் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கடற்கரைக் கோயிலின் கல்லையே அது விடவில்லை. தொல்லியல் துறை அந்தக் கோயில் சுவரில் காகிதக் கூழைப் பூசி, கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்கள் எவ்வளவு வேகமாக அரிக்கின்றன என்று பார்ப்பதற்காகவே மண்டபம் கடற்கரையில் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. பக்கத்திலேயே பழைய பாம்பன் ரயில் பாலம், துரு தின்றதால் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்துக்கு மூடப்பட்டது.

கல்லுக்கும் பாலத்துக்கும் தனிக் கவனம் கொடுக்கிறோம். ஈ.சி.ஆரில் நாள் முழுக்க ஓடி, ராத்திரி அதே காற்றில் நிற்கும் பஸ்ஸுக்கு? அதன் அடிச்சட்டம் இரும்பு. ஓரமாக மழைநீர் தேங்கிய சாலையில் ஓடும்போது சகதி எல்லாம் தரைக்கு அடியில் போய் ஒட்டும். மேலே பெயின்ட் பளபளக்கும். கீழே போல்ட் தலை உதிரும். வேலூரில் ஓடும் பஸ்ஸுக்கும் மாமல்லபுரத்தில் ஓடும் பஸ்ஸுக்கும் வயது ஒன்றாக இருக்கலாம். உடம்பு ஒன்றாக இருக்காது.

இப்போது எதை அளக்கிறார்கள்?

அளக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பல காலமாகச் சில கணக்குகளை வைத்திருக்கின்றன. கையிலுள்ள பஸ்களில் எத்தனை சதவீதம் தினமும் ஓடுகிறது, ஒரு பஸ் நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, ஒரு லிட்டர் டீசலுக்கு எவ்வளவு, 10,000 கிலோமீட்டருக்கு எத்தனை பிரேக்டவுன், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு எத்தனை விபத்து. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலக் கழகங்களை ஒப்பிட்டு வெளியிடும் அறிக்கையிலும் இவைதான் முக்கியத் தலைப்புகள். சட்டமன்றத்தில் வைக்கப்படும் போக்குவரத்துத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பிலும் கழகவாரியாக இப்படிப்பட்ட அட்டவணைகளைப் பார்க்கலாம்.

இதில் பிரேக்டவுன் கணக்கை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு பணிமனையில் 100 பஸ், ஒவ்வொன்றும் தினம் 250 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணிமனையின் ஒருநாள் ஓட்டம் 25,000 கி.மீ. பிரேக்டவுன் விகிதம் 10,000 கி.மீ.க்கு 0.1 என்று காகிதத்தில் இருந்தால், நாலு நாளைக்கு ஒரு பஸ் நடுரோட்டில் நிற்கிறது என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரேக்டவுன் என்று எதை எழுதுகிறார்கள் என்பதில்தான் விஷயம். கியர் விழாமல் தவித்து, டிரைவர் எப்படியோ உருட்டிக்கொண்டு பணிமனைக்குக் கொண்டுவந்து விட்டால் அது பிரேக்டவுன் இல்லை. அடுத்த டிரிப் ரத்தானால் அது 'டிரிப் கட்', வேறு கணக்கு. மழையில் கூரை ஒழுகி உள்ளே குடை பிடித்து உட்கார்ந்தால் அது எந்தக் கணக்கும் இல்லை. அமைந்தகரையில் பெயர்ந்த தரைப்பலகைக்கும் திருச்சியில் கழன்ற இருக்கைக்கும் தனியாக ஒரு கட்டம் இந்த அட்டவணைகளில் இல்லை.

சராசரி வயதும் இப்படித்தான் ஏமாற்றும். 50 புத்தம் புது பஸ், 50 பஸ் 14 வயது. சராசரி 7. 'சராசரி வயது 7 ஆண்டுதான்' என்று அறிக்கையில் எழுதலாம், பொய்யும் இல்லை. ஆனால் உங்கள் ஸ்டாப்புக்கு வருவது சராசரி பஸ் இல்லையே. இரண்டில் ஒன்று 14 வயது பஸ்தான் வரும். புதுசையெல்லாம் நகரத்து முக்கியத் தடங்களுக்குக் கொடுத்துவிட்டு, பழசைக் கடலோரத்துக்கு அனுப்பினால் உங்களுக்கு எப்போதுமே 14 வயதுதான்.

எஃப்.சி. இருக்கே, அது போதாதா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு, தகுதிச் சான்று இல்லாமல் எந்தப் பொதுப் போக்குவரத்து வாகனமும் ஓடக்கூடாது என்கிறது. 8 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை. நம்ம ஊரில் எல்லோரும் சொல்வது போல 'எஃப்.சி. காட்டணும்'. அந்த நாளுக்கு முன்பு பஸ் பணிமனையில் படுத்து, பெயின்ட் அடித்து, கண்ணாடி மாட்டி, பொண்ணு பார்க்கப் போகும் மாப்பிள்ளை போலக் கிளம்பும். மீதி 364 நாளுக்கு அது பதில் சொல்லாது.

இதோடு 2023 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 15 ஆண்டுகள் கடந்த அரசு வாகனங்களின் பதிவை, போக்குவரத்துக் கழக பஸ்கள் உட்பட, 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. அவை ஸ்கிராப்புக்குப் போக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இது ஒரு வேலி, அளவுகோல் இல்லை. 14 ஆண்டு 11 மாதம் ஆன பஸ் இதன் கண்ணில் குறையில்லாதது. அடுத்த மாதம் அது குப்பை. இடையில் என்ன நடந்தது, இன்னும் மூன்று வருடத்தில் எத்தனை பஸ் அந்த வேலியைத் தொடப்போகிறது, அதற்குப் பணம் எங்கே என்பதையெல்லாம் இந்த விதி கேட்பதில்லை.

டெல்லியில் இதைக் கேட்காமல் விட்டதன் விளைவு கண் முன்னால் இருக்கிறது. 2025 மார்ச்சில் அந்தச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கைப்படி, டெல்லி போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களில் 44.96 சதவீதம் 2023 மார்ச் 31 நிலவரப்படி ஆயுள் கடந்தவை. பிரேக்டவுன் 10,000 கி.மீ.க்கு 2.90 முதல் 4.57 வரை இருந்திருக்கிறது. நாம மேலே பார்த்த 100 பஸ் பணிமனையில் 4 என்ற விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 10 பஸ் நடுரோட்டில் நிற்கும்.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 2016-ல் இதற்கென்றே ஒரு விதி வந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் ஒவ்வொரு போக்குவரத்து நிறுவனமும் ஆண்டுதோறும் இலக்கு அறிவிக்க வேண்டும். பயணிகளை ஏற்றும் வண்டிகளில் எத்தனை சதவீதம் பயன்பாட்டு ஆயுளைத் தாண்டியிருக்கிறது? பிரேக்டவுன் வேன், மெயின்டனன்ஸ் லாரி மாதிரி சேவை வாகனங்களில் எத்தனை? நிலையங்கள், பணிமனைகளில் எத்தனை சதவீதம் 5-க்கு 3 மதிப்பெண்ணுக்குக் கீழே? ரயில் பாதையில் எத்தனை சதவீதத்தில் கோளாறு காரணமாக வண்டி மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது? அவ்வளவுதான்.

இதில் இரண்டு சங்கதிகள் நமக்கு உதவும். ஒன்று, சராசரியைக் கேட்கவில்லை. வரம்பைத் தாண்டியது எவ்வளவு என்று கேட்கிறார்கள். பெரிய பஸ்ஸுக்குப் பொதுவான வரம்பு 14 ஆண்டு. உள்ளூர் நிலைமை வேறு என்று நிறுவனம் காட்டினால், தன் வரம்பைத் தானே வேறாக வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். நம்ம விஷயத்தில் இதுதான் முக்கியம். ஈ.சி.ஆர். பஸ்ஸுக்கு உப்புக் காற்றைக் காரணம் காட்டி வரம்பைக் குறைக்கலாம். ஆனால் இதே கதவு வழியாக இன்னொரு ஆளும் நுழையலாம்: பணம் இல்லை, அதனால் வரம்பை 14-லிருந்து 17 ஆக்கிவிடுவோம் என்று. அப்படிச் செய்தால் ஒரு பஸ்ஸில்கூட ஸ்பேனர் வைக்காமல் டார்கெட்டை எட்டிவிடலாம்! வரம்பை மாற்றுவதற்கு எழுத்தில் காரணம் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

இரண்டாவது, டார்கெட்டை எட்டாவிட்டால் அபராதம் கிடையாது, எட்டினால் பரிசும் கிடையாது. முதலில் கேட்கும்போது 'அப்புறம் எதுக்கு?' என்று தோன்றும். ஆனால் அபராதம் வந்த மறுநாளே கணக்கு அழகாகிவிடும் என்பது அரசு அலுவலகத்தில் ஒரு வாரம் வேலை பார்த்தவருக்குத் தெரியும். பொய்யான நல்ல எண்ணைவிட உண்மையான மோசமான எண் பயன்படும்.

இந்தச் சிந்தனைக்கு வேர் நியூயார்க் சுரங்க ரயில். 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு ரயில் பெட்டி சராசரியாக 7,000 மைலுக்கு ஒருமுறை பழுதானது. 1982-ல் தொடங்கிய முதலீட்டுத் திட்டத்தில், புதிய பாதை போடுவதைவிட இருப்பதை நல்ல நிலைக்குக் கொண்டுவருவதற்கே முன்னுரிமை கொடுத்தார்கள். 2000-களில் அந்த எண் ஒரு லட்சம் மைலைத் தாண்டியது. கதை அதோடு முடியவில்லை. நல்லா ஓடுதே என்று கவனம் தளர, 2017 ஜூனில் அந்த மாநில ஆளுநர் அதே ரயில் அமைப்புக்கு அவசரநிலை அறிவிக்க வேண்டிய அளவுக்குப் போனது.

சிங்கப்பூர் வேறு வழி. 2016-லிருந்து அங்கே பஸ்ஸும் பணிமனையும் அரசின் சொத்து. ஓட்டுவதும் பராமரிப்பதும் டெண்டர் எடுத்த நிறுவனம். பயணி கூடுதலாக எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதை வைத்து ஊக்கத்தொகையும் பிடித்தமும். வண்டியின் வயதைவிட, நிற்பவரின் நேரத்தை அளக்கிறார்கள். நம்ம ஊர் அளவுக்கு வெயில் அங்கே இல்லை என்பது வேறு.

தவறான டார்கெட் வைத்தால் என்ன ஆகும்?

எந்த டார்கெட்டும் பரவாயில்லை என்று நினைத்தால் ஆபத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கணும்.

கிளை மேலாளர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் மேலிடம் தினமும் காலையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை ஷெட்யூல் போச்சு? 100-க்கு 96 போனால் நல்ல மேலாளர். 91 என்றால் போன் வரும். அவரிடம் ஆறேழு ஸ்பேர் பஸ் இருக்க வேண்டும், இருப்பது மூன்று. ஒரு பஸ் தரை வேலைக்காகப் பள்ளத்தில் நிற்கிறது, இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கி. அன்று காலை வேறு இரண்டு பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. முகூர்த்த நாள், திருக்கழுக்குன்றம் தடத்தில் கூட்டம் அள்ளும். அவர் என்ன செய்வார்? பள்ளத்தில் நிற்கும் பஸ்ஸின் மேல் ஒரு தகட்டை அடித்து வெளியே அனுப்புவார். அன்றைய டார்கெட் நிறைவேறிவிட்டது. அந்தத் தகடு அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும், அடுத்த மாதமும்.

இந்த இடத்தில் மேலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'ஓடணும்' என்ற ஒரே எண்ணை வைத்து அவரை அளந்தால், ஓடக்கூடாத பஸ்ஸையும் ஓட்டத்தான் செய்வார். ஓட்டச் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் வேண்டும். கால அட்டவணைப்படி செய்ய வேண்டிய பராமரிப்பில் எத்தனை சதவீதம் உரிய தேதியில் முடிந்தது? இந்த எண் மேலாளருக்குக் கவசமும்கூட. 'இன்னிக்கு நாலு ஷெட்யூல் கட் பண்ணேன், ஏன்னா நாலு பஸ் சர்வீஸ் டேட்' என்று எழுத்தில் சொல்ல முடியும். மேலிடம் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க முடியாது.

தொழில்நுட்பப் பணியாளர் பற்றாக்குறை பற்றித் தொழிற்சங்கங்கள் வருடக்கணக்காகப் பேசுகின்றன. பொதுவாக அதைச் சம்பளப் பிரச்சினையாகவே செய்தி போடுகிறோம். பராமரிப்பு எத்தனை நாள் தள்ளிப்போகிறது என்ற எண் வெளியே வந்தால், அதே பிரச்சினை பயணியின் பாதுகாப்புப் பிரச்சினையாகத் தெரியும்.

பணம்? அரசு பஸ் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், அதற்கான ஈட்டுத்தொகையை அரசு தருகிறது. இது நல்ல திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செங்கல்பட்டிலிருந்து மகேந்திரா சிட்டிக்கும், திருப்போரூரிலிருந்து சிறுசேரிக்கும் வேலைக்குப் போகும் பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்தத் திட்டம் ஓடுவதே சாதாரண பஸ்களில்தான். அதிகக் கூட்டம், அதிக ஸ்டாப், அதிக பிரேக், அதிக தேய்மானம். டீசலுக்குப் பணம் இன்றே வேண்டும், சம்பளம் மாதக் கடைசியில் வேண்டும், உதிரி பாகம் 'அடுத்த மாதம் பார்ப்போம்'. எந்த நிறுவனத்திலும் பணம் இறுகும்போது முதலில் வெட்டுப்படுவது பராமரிப்பு. அது உடனே வலிக்காது என்பதுதான் காரணம்.

நிலையங்களுக்கு மார்க் போட முடியுமா?

கிளாம்பாக்கத்தைப் போல ஒரு முனையம் திறந்த புதிதில் 5-க்கு 5 வாங்கும். கேள்வி ஏழாவது வருடத்தில். அமெரிக்க முறையில் கட்டடத்தை மொத்தமாகப் பார்ப்பதில்லை. கூரை, மின்சாரம், குழாய், லிஃப்ட், தரை, வடிகால் என்று பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 3 என்றால் போதுமானது, 2 என்றால் சீக்கிரம் கைவைக்க வேண்டும், 1 என்றால் மோசம். நம்ம ஊருக்கு இதில் சிலவற்றைச் சேர்த்தே ஆகணும். இரவு 11 மணிக்குப் பெண்கள் கழிப்பறை திறந்திருக்கிறதா, வீல்சேரில் வருபவர் பிளாட்பாரம் வரை யார் உதவியும் இல்லாமல் வர முடிகிறதா, மழை விட்டு ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிகிறதா. ஜி.எஸ்.டி. சாலையில் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று அங்கே போய்வருபவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே இருக்கும் சின்ன பஸ் நிலையம், யுனெஸ்கோ 1984-ல் பட்டியலிட்ட பாரம்பரியச் சின்னங்களுக்கு வாசல் மாதிரி. 2019 அக்டோபரில் மோடி - ஷி ஜின்பிங் சந்திப்பு, 2022-ல் செஸ் ஒலிம்பியாட் என்று உலகமே வந்தபோது ஊர் எப்படி மின்னியது என்று பார்த்தோம். பெயின்ட், விளக்கு, சுத்தம் எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தது. ஆக, திறமை இல்லாமல் இல்லை. விருந்தாளி வரும் தேதி என்ற டார்கெட் இருந்தது, அவ்வளவுதான்.

செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் புதிய பஸ் நிலையங்களைக் கட்டும் பணியை சி.எம்.டி.ஏ. எடுத்திருக்கிறது. பராமரிப்புப் பொறுப்பை எழுதும் தாளிலேயே இந்த மதிப்பெண் முறையை எழுதிவிட்டால் செலவு ஒன்றும் இல்லை. கட்டி முடித்து, ஒப்பந்தம் போட்டு, பிறகு கேட்டால் 'அது கான்ட்ராக்ட்ல இல்லைங்க' என்பார்கள்.

கட்டியவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர், துடைப்பவர் ஒருவர் என்ற நிலையில் யார் மார்க் போடுவது என்ற கேள்விக்கு, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அதாவது 'கும்டா', இயல்பான பதில். 2010-ல் சட்டம் இயற்றி உருவாக்கிய அமைப்பு. யாருடைய பஸ்ஸும் அதன் சொந்த பஸ் இல்லை. அதனால் பாரபட்சம் காட்டவும் காரணமில்லை.

மின்சார பஸ் வந்தாச்சே, இனி கவலை இல்லையா?

2025 ஜூன் 30-ல் வியாசர்பாடியில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் தாழ்தள மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. ஆகஸ்ட் 11-ல் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து 135 பஸ்கள். அது செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் வருகிறது. இந்த பஸ்கள் கழகத்தின் சொத்து இல்லை. தனியார் நிறுவனம் வாங்கி, ஓட்டி, பராமரிக்கும். கழகம் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் தரும், டிக்கெட் காசு கழகத்துக்கு. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் தினமும் எத்தனை பஸ் தயாராக இருக்க வேண்டும், நேரம் தவறினால், சுத்தம் இல்லாவிட்டால் என்ன பிடித்தம் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும்.

அதாவது ஓ.எம்.ஆரில் ஒரே ஸ்டாப்பில் அடுத்தடுத்து வந்து நிற்கும் இரண்டு பஸ்களில், மின்சார பஸ்ஸின் பராமரிப்புக்கு எழுத்தில் டார்கெட் இருக்கிறது. பின்னால் வரும் டீசல் பஸ்ஸுக்கு, பயணி பார்க்கும்படி எதுவும் இல்லை. தனியாருக்குப் போடும் நிபந்தனையை அரசு தனக்கும் போட்டுக்கொள்ள எது தடை?

ஒப்பந்தம் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் கனவு. மும்பை 'பெஸ்ட்' நிறுவனத்துக்கு வாடகை பஸ் ஓட்டிய சில ஒப்பந்த நிறுவனங்கள் கட்டுப்படியாகவில்லை என்று பாதியிலேயே விலகிக்கொள்ள, பஸ்கள் குறைந்து பயணிகள் தவித்தார்கள். பிடித்தம் அதிகமானால் கம்பெனி ஓடிவிடும், குறைவானால் பஸ் கெடும். இந்தத் தராசைப் பிடிக்கவும் ஒழுங்கான எண்கள்தான் வேணும்.

ரயில் இதில் எங்கே?

செங்கல்பட்டு வரை மின்ரயிலில் வருபவர்கள் இந்தக் கவலை குறைவாகப் படுவதற்குக் காரணம் உண்டு. ரயில்வேயில் பெட்டிக்கு இத்தனை மாதத்தில் முழுப் பராமரிப்பு என்று தேதி இருக்கும். தேதி தாண்டினால் வண்டியில் சேர்க்க மாட்டார்கள். பாதையில் சந்தேகம் வந்தால் வேகக் கட்டுப்பாடு போட்டு, எழுத்தில் டிரைவரிடம் கொடுப்பார்கள். 2025 ஏப்ரல் 19-ல் கடற்கரை - செங்கல்பட்டு தடத்தில் வந்த ஏ.சி. மின்ரயிலுக்கும் அதே விதிதான். நிலையத்து மேற்கூரை, கழிப்பறை விஷயத்தில் ரயில்வேயும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் எதைக் கேட்கலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு. 'பஸ் ஏன் மோசமா இருக்கு?' என்று கேட்டால் பதில் வராது. அது தகவல் இல்லை, கருத்து என்று திருப்பிவிடுவார்கள். உங்கள் தடத்தை ஓட்டும் பணிமனையின் பெயரைக் குறிப்பிட்டு, அங்குள்ள பஸ்களைப் பதிவான ஆண்டு வாரியாகக் கேளுங்கள். கடந்த 12 மாதத்தில் உரிய தேதியில் முடிந்த பராமரிப்பு எத்தனை, தள்ளிப்போனது எத்தனை, பழுதால் ரத்தான டிரிப் எத்தனை என்று கேளுங்கள். பதிவேட்டில் இருக்கும் எண்களைக் கேட்டால் மறுப்பது கடினம்.

வயது வாரியாகக் கேட்பதற்கு இன்னொரு காரணம். நம்ம கழகங்கள் பஸ் வாங்குவது சீராக நடப்பதில்லை. சில வருடம் ஒன்றும் இருக்காது, பிறகு மொத்தமாக வரும். 2018 ஜூலையில் ஒரே நாளில் 515 புதிய பஸ்களுக்குக் கொடியசைத்தார்கள். தொடர்ந்து அடுத்த ஆண்டும் தவணை தவணையாக வந்தன. சேர்ந்து வந்தவை சேர்ந்துதான் மூப்படையும். 2026 ஜூலையில் அந்த முதல் தவணைக்கு 8 வயது. அதன் பிறகு எஃப்.சி. ஆண்டுக்கு ஒருமுறை. அதாவது பணிமனைப் பள்ளத்துக்கு வர வேண்டிய பஸ்களின் வரிசை ஒரேயடியாக நீளும், அதே ஆட்கள், அதே பள்ளங்கள். 2033 ஜூலையில் அவற்றுக்கு 15 வயது. இன்றைய விதி மாறாமல் இருந்தால் அந்த 515-ல் எத்தனை மிச்சமிருக்கிறதோ, அத்தனையும் சில வாரங்களுக்குள் சாலையை விட்டு இறங்க வேண்டும்.